சிவபாண்டியின் இடது கை

ராஜபாளையத்தில் சிவபாண்டி என்ற பெயர் தெருவுக்கு ஒருவருக்காவது இருக்கும். ஆனால் 'கை சிவபாண்டி' என்றால் ஒரே ஒருவர்தான். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றில் மெக்கானிக். வயது ஐம்பத்தொன்று. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவர். இளவட்டமாக இருந்தபோது தேவதானம் கபடி அணியில் எட்டாவது ஆளாக உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவர். கல்யாண வீட்டில் யாரும் அவரை முதல் பந்திக்கு இழுத்ததில்லை. இப்படிப்பட்ட மனிதருக்கு நாற்பத்தேழாவது வயதில் ஒரு பெருமை வந்து சேர்ந்தது. வந்தது நெற்றியில் வந்திருக்கலாம், நெஞ்சில் வந்திருக்கலாம். இடது கையின் உட்பக்கத்தில், முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் மனைவி முனீஸ்வரி 'ஈஸ்வரி இயற்கை' என்ற பெயரில் சோப்பு, குளியல் பொடி, முகத்துக்குப் பூசும் கிரீம் எல்லாம் வீட்டிலேயே செய்து விற்கிறாள். கொரோனா அடங்கிய வருஷம் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தது. பயிற்சி கொடுத்த அம்மாள் எவ்வளவோ சொல்லியிருப்பார். முனீஸ்வரி மனத்தில் தங்கியது இரண்டே விஷயம். ஒன்று, கெமிக்கல் கூடாது. இரண்டு, எதைச் செய்தாலும் கையின் உட்பக்கத்தில் துளி தடவி, துணி வைத்துக் கட்டி, நாற்பத்தெட்டு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

யாருடைய கை என்று அந்த அம்மாள் சொல்லவில்லை. முனீஸ்வரியின் கை நாள் முழுக்கத் தண்ணீரிலும் எண்ணெயிலும் கிடக்கிறது, கட்டு நிற்காது. மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. மிச்சம் இருந்தது சிவபாண்டிதான். கட்டுவதற்குத் துணிக்கும் பஞ்சமில்லை. தறிக்கூடத்தில் ஓரம் பிசிறிப்போன பேண்டேஜ் துணி மூலையில் குவிந்து கிடக்கும், கேட்டால் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். ஆக, உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் கட்டிடம் கட்டி வெள்ளைக்கோட்டு ஆட்களை வைத்துச் செய்கிற காரியத்தை, இந்த வீட்டில் ஒரு முழத் துணியும் ஒரு புருஷனும் செய்து முடித்தார்கள்.

அந்தக் கை சாமானியப்பட்ட கை இல்லை. இருபத்தேழு வருஷம் தறி எண்ணெயும் கிரீஸும் குடித்த கை. சூடான பேரிங்கைத் தொட்டுவிட்டு 'ச்சு' என்று உதறிக்கொள்கிற கை. அதன்மேல் ரோஜா போட்டாலும் ஒன்றும் ஆகாது, ராக்கெட் எரிபொருள் போட்டாலும் ஒன்றும் ஆகாது. நாலு வருஷத்தில் எழுபது எண்பது சரக்கு அதன்மேல் ஏறி இறங்கியது. ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் முனீஸ்வரி கட்டை அவிழ்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "எரியுதா?" என்று கேட்பாள். "இல்ல," என்பார். அவ்வளவுதான். அன்றைக்கே லேபிள் ஒட்டிவிடுவாள். 'மனிதத் தோலில் சோதிக்கப்பட்டது. எந்த உயிருக்கும் துன்பம் தராமல் தயாரிக்கப்பட்டது.' சிவபாண்டி அந்த லேபிளை வாசித்துவிட்டுத் தன்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்காததற்குக் காரணம், அவருக்கு அது பிடித்திருந்தது. வாங்க வருகிற பெண்கள் டப்பாவைத் திறந்து முகர்வதற்கு முன்னால், "அண்ணன் கை தாங்கிருச்சுல்லா?" என்று விசாரித்தார்கள். சிலர் நேரிலேயே கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தறிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி பண்ணியபோது அவர் முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டாலும், உள்ளுக்குள் குளுகுளு என்றுதான் இருந்தது. ஐம்பது வருஷத்தில் இவர் சொன்னால் சரி என்று நாலு பேர் நம்பியது இந்த ஒரு விஷயத்தில்தான்.

இடையில் புகாரே வரவில்லை என்று சொல்ல முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வடக்கு மாட வீதியில் ஜயலக்ஷ்மி என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. ஈஸ்வரி இயற்கையின் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர்; தன் பள்ளிக்கூடத்து ஆசிரியைகளுக்கெல்லாம் பழக்கிவிட்டவர். சென்ற வருஷம் அவருக்குக் கண் இமை இரண்டும் வீங்கிப்போயிற்று. ஃபோனில் சொன்னபோது முனீஸ்வரி வைத்தியச்சி தோரணையில், "கருவாடு எதுவும் சாப்பிட்டீகளா டீச்சர்?" என்று கேட்டுவிட்டாள். பெருமாளுக்குப் படைக்காமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்காத வீட்டில் கேட்கிற கேள்வியா அது? நாக்கைக் கடித்துக்கொண்ட முனீஸ்வரி கத்திரிக்காய்க்கு மாறினாள். அதுவும் இல்லை. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து ஆராய்ந்து, டீச்சர் புதிதாக வாங்கிய மூக்குக் கண்ணாடியின் ஃப்ரேம்தான் காரணம் என்று தீர்ப்பு எழுதினார்கள். கிரீமைப் பற்றி இரண்டு பேருக்குமே சந்தேகம் வரவில்லை. அதுதான் இயற்கை ஆயிற்றே. அதற்கும்மேல் சிவபாண்டியின் கை வேறு சாட்சி.

அந்த ஜயலக்ஷ்மி டீச்சரின் மகள் அனுக்ரஹாவுக்குத் தை மாதம் கல்யாணம் கூடியது. தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சின்னப் பெட்டியும் வைக்க வேண்டும், அதில் சோப்பும் குளியல் பொடியும், எல்லாம் முனீஸ்வரிதான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார் டீச்சர். இருநூற்றைம்பது பெட்டி. பெண்ணுக்கு மட்டும் தனியாக முகக் கிரீம், கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாலிருந்தே பூசிக்கொள்ள. டீச்சர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். பெட்டியைத் திறந்தால் சந்நிதியில் நிற்கிற மாதிரி மணக்க வேண்டும். துளசி, மரிக்கொழுந்து, பச்சைக்கற்பூரம், கிராம்பு, கொஞ்சம் மல்லிகை.

முனீஸ்வரிக்குக் கால் தரையில் பாவவில்லை. கிளி வடிவத்தில் சோப்பு அச்சு வரவழைத்தாள். எண்ணெய்களைக் குப்பி குப்பியாக வாங்கினாள். துளசி எண்ணெய் மட்டும் முன்பே ஒரு வருஷமாக ஜன்னல் ஓரத்தில், மூடி தளர்ந்து, வெயில் பட இருந்தது. அரிசியும் ஊறுகாயும் பழசானால் தேறுகிற மாதிரி எண்ணெயும் பழசானால் மணம் ஏறும் என்பது அவள் கட்சி. அதையே முதலில் தீர்த்துவிடலாம் என்று சோப்பிலும் கிரீமிலும் ஊற்றினாள். பத்து நாளில் வீட்டின் முன்னறை முழுக்கப் பச்சைக் கிளிகள் வரிசை வரிசையாகக் காய்ந்தன. சிவபாண்டி சாப்பிடுவதற்குக்கூட கிளிகளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முகக் கிரீம் அவர் கையில் ஏறியது. வியாழக்கிழமை மத்தியானம், தறியின் அடியில் படுத்துக் கிடந்தபோது, கட்டுக்குள் ஏதோ ஊறுகிற மாதிரி இருந்தது. எறும்பு என்று நினைத்தார். நாலு மணிக்கு எறும்பு புற்றே கட்டிவிட்டது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவிழ்த்துப் பார்த்தார். துணி வைத்த இடம் அப்படியே சதுரமாகச் சிவந்து, பொடிப்பொடியாகத் தடித்து, ஓரத்தில் நீர் கோத்திருந்தது.

பரீட்சையில் தோற்றது சிவபாண்டிக்குப் புதிது இல்லை. கை தோற்றதுதான் புதிது. வீட்டில் முனீஸ்வரி காத்திருப்பாள். மறுநாள் காலையில் கிரீமை டீச்சர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். சொன்னால் இருநூற்றைம்பது கிளியும் போகும். அவள் இத்தனை நாள் பட்ட பாடு போகும். 'அண்ணன் கை' என்ற பேரும் போகும். சொல்லாவிட்டால் ஒரு கல்யாணப் பெண்ணின் முகம் போகலாம். போகலாம்தான், போகும் என்று யார் கண்டது? ஒருவேளை கிரீஸ் பட்டிருக்கும். ஒருவேளை துணியில் ஏதாவது இருந்திருக்கும். இப்படி 'ஒருவேளை' மேல் 'ஒருவேளை'யாக அடுக்கிக்கொண்டு, இடது கைச் சட்டையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டு, பிசிறுத் துணியில் ஒரு துண்டு கிழித்து, வலது கையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மத்தியானம் இடது கையில் கிரீஸ் கொட்டிவிட்டது, அதனால் முதல் நாளே கட்டை மாற்றி வலது கையில் போட்டுக்கொண்டேன் என்று சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், 'மத்தியானம்', 'முதல் நாள்' இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டு உளறினார். கவனித்திருந்தால் அப்போதே பிடித்திருப்பாள். அவள் கவனம் கிளிகளுக்கு ரிப்பன் கட்டுவதில் இருந்தது. வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். பளிங்கு மாதிரி இருந்தது.

"எரியுதா?"

"இல்ல," என்றார் சிவபாண்டி. அந்தக் கையைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

வெள்ளிக்கிழமை காலையில் முனீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பெட்டிகளை இறக்கி, கிரீம் டப்பா இரண்டையும் டீச்சர் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். சிவபாண்டி முழுக்கைச் சட்டைக்கு மாறினார். தறிக்கூடத்து வெக்கையில் முழுக்கைச் சட்டை போட்டு வேலை பார்த்தவர் அந்த ஊரில் அதுவரை யாருமில்லை. பொண்ணு பார்க்கப் போகிறீரா என்று கேட்டார்கள். அரிப்போ நிற்கவில்லை, சதுரம் உருக்குலைந்து முழங்கை வரை பரவியது. இந்த இடத்தில் மனிதர் செய்த காரியத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வீட்டில் புண்ணுக்கென்று முனீஸ்வரி செய்து வைத்திருந்த மூலிகைத் தைலத்தை, அதிலும் அதே துளசி எண்ணெய், அவள் அறியாமல் எடுத்து, காலையும் மாலையும் அதன்மேலேயே தடவிவந்தார். இயற்கையால் வந்ததை இயற்கையை வைத்தே ஆற்றப் பார்த்தார். அது இரண்டு மடங்கு ஆனது.

அடுத்த வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, ராஜபாளையத்தில் தோல் டாக்டர் ஒருவரிடம் போனார். ஸ்ரீப்ரியா என்று பெயர், மகள் வயது இருக்கும். கையைப் பார்த்ததும், என்ன பூசினீர்கள் என்று கேட்டார்.

"கெமிக்கல் எதுவும் பூசல மேடம். எல்லாம் இயற்கை."

டாக்டர் சிரிக்கவில்லை, இந்தப் பதிலை அவர் தினமும் கேட்கிறார் போலிருக்கிறது. எந்த ஊர் என்று விசாரித்தார். தேவதானம் என்றதும், "மலையடிவாரத்துல காஞ்சொறி பாத்திருப்பீங்களே. அது எந்த ஃபேக்டரியில செஞ்சது?" என்று கேட்டார். சிவபாண்டிக்குத் திக்கென்றது. சின்ன வயதில் காஞ்சொறி பட்டு மூன்று நாள் குதித்தவர் அவர். சேங்கொட்டைப் பால் பட்டு அவருடைய சித்தப்பா முகம் பூசணிக்காயாக வீங்கியதைப் பார்த்தவர். அதெல்லாம் இயற்கை என்று தெரியாமலா இருந்தது? தெரிந்தும், டப்பாவில் அடைத்து ரிப்பன் கட்டிவிட்டால் இயற்கைக்குச் சாது குணம் வந்துவிடும் என்று நாலு வருஷமாக நம்பியிருக்கிறார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பூவிலும் இலையிலும் மணமாக இருப்பதும் வேதிப் பொருள்தான். துளசி, கிராம்பு, மல்லிகை, எலுமிச்சைப்புல் எண்ணெய்களில் இருக்கிற சில பொருட்கள் சிலருடைய தோலுக்கு ஆகாது. நூறு பேரில் ஓரிருவருக்கு அப்படி இருக்கலாம், மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. காற்றும் வெயிலும் பட்டுப் பழசான எண்ணெய் இன்னும் மோசம். அத்தோடு, ஒத்துக்கொள்ளாமை முதல் நாளே வர வேண்டும் என்பதில்லை; திரும்பத் திரும்பப் பட்டு, உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, ஒரு நாள் போதும் என்று சொல்லிவிடும். சொல்லிவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் மாறாது. எதெது ஆகாது என்று திட்டமாகத் தெரிய வேண்டுமானால் ஒரு சோதனை இருக்கிறது. துளித் துளியாக வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

"இதத்தான் மேடம் எங்க வீட்டுல நாலு வருசமா பண்ணுதோம்," என்றார் சிவபாண்டி.

முழுக் கதையையும் கேட்டபிறகு டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "உங்க கைக்கு ஒண்ணும் ஆகலன்னா உங்க கைக்கு ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம். அம்புட்டுதான். அது ஊருக்கெல்லாம் எப்படி ஆகும்?" என்றார். பிறகு, அந்தக் கிரீம் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார். சிவபாண்டி களிம்புச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து முனீஸ்வரி முன்னால் உட்கார்ந்து சட்டையை மடக்கினார். அவள் முதலில் பதறிப்போய், எங்கே சாப்பிட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று தன் வழக்கமான பட்டியலை ஆரம்பித்தாள். கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பியவள் பாதியில் நின்றாள். பரவியது போக நடுவில் அந்தச் சதுரம் இன்னும் தெரிந்தது. அவள் கட்டிய அளவு அவளுக்குத் தெரியாதா? என்றைக்கு என்று மட்டும் கேட்டாள். சொன்னார். வலது கைக் கதையையும் சொன்னார். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னார். உனக்காகத்தான் மறைத்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வாயெடுத்தார். அது பாதி உண்மைதான் என்பதால் வரவில்லை.

முனீஸ்வரி அழவும் இல்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எண்ணெய் சொல்லிருச்சு. கை சொல்லிருச்சு. நீங்கதான் சொல்லல," என்றாள்.

அவ்வளவு சொல்லிவிட்டு டீச்சருக்கு ஃபோன் போட்டாள். எடுக்கவில்லை, கல்யாண வீட்டில் யார் ஃபோனைப் பார்க்கிறார்கள்? காலையில் முதல் வேலையாகப் போகிறது என்று முடிவாயிற்று. பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். சிவபாண்டி கடைசி இருக்கையில் உட்கார்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை அனுக்ரஹாவின் முகத்தைச் சதுரம் சதுரமாகக் கற்பனை பண்ணிக்கொண்டு வந்தார்.

மாட வீதி வீட்டில் பந்தல் போட்டாகிவிட்டது. கதவைத் திறந்தது அனுக்ரஹாவேதான். முகம் துடைத்து வைத்த குத்துவிளக்காக இருந்தது. சிவபாண்டிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் அந்த மூச்சை முழுசாக விடுவதற்குள், உள்ளேயிருந்து ஜயலக்ஷ்மி டீச்சர் வந்தார். கண் இரண்டும் இடுக்காகி, இமை தடித்து, கன்னத்தில் சிவப்பு ஏறியிருந்தது. "வாங்கோ முனீஸ்வரி, இந்த ஃப்ரேமும் எனக்கு ஒத்துக்கலை பாருங்கோ," என்றார். ஒரு வருஷத்துக்குள் இது மூன்றாவது கண்ணாடியாம். பெண்ணுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய டப்பாவை அவர் ஏழு நாளாகப் பூசிக்கொண்டிருந்தார்.

முனீஸ்வரி நின்றபடியே சொல்லிவிட்டாள். எண்ணெய்தான் காரணமாக இருக்கும். கிரீமை இனித் தொடக் கூடாது. பெட்டிகளையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கே தோல் டாக்டரைப் பாருங்கள். டீச்சர் நம்பவில்லை. துளசி ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்று கேட்டார். அந்தக் கேள்வி வரும் என்று இருவருக்கும் தெரியும். கோயில் வாசலில் நின்று துளசியைக் குறை சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? சிவபாண்டிதான், துளசி மேல் தப்பில்லை, ஒரு சொட்டில் ஒரு கூடைத் துளசியை அடைத்து முகத்தில் பூசச் சொன்னது எங்கள் தப்பு என்று சொல்லிச் சட்டையை மடக்கினார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கையை வெகு நேரம் பார்த்தார்.

இந்தச் சமயத்தில்தான் அனுக்ரஹா தன் பங்குக்கு ஒன்றை அவிழ்த்தாள். அவள் அந்த டப்பாவைத் திறக்கவே இல்லை. சென்னையில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு டாக்டர் மணம் உள்ள எதையும் முகத்தில் பூசாதே என்று இரண்டு வருஷம் முன்பே சொல்லியிருக்கிறார். அம்மா மனசு கஷ்டப்படுமே என்று வாயைத் திறக்காமல், மணமே இல்லாத மருந்துக்கடை கிரீம் ஒன்றைப் பூசிக்கொண்டு, அம்மா பார்க்கிறபோது மட்டும் துளசி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மகளின் முகத்தில் இயற்கையின் பொலிவு வந்துவிட்டதாக டீச்சர் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சிரித்தது டீச்சர்தான். தாம்பூலப் பையில் பால்கோவா வைத்துக்கொள்கிறேன், போங்கள் என்று விஷயத்தை முடித்தார். காபி வந்தது. எப்போது தெரிந்தது என்று டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நேத்து சாயங்காலந்தான் இவிய கையில பாத்தோம் டீச்சர்," என்றாள் முனீஸ்வரி. "பாத்ததுமே, மொத பஸ்ஸுல போயிச் சொல்லிறணும்னு இவியதான் நின்னாக."

சிவபாண்டி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. நேற்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவள், அடுத்தவர் வீட்டில் வைத்து அவரை விட்டுக்கொடுக்காமல், பெரிய பொய் ஒன்றைக் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். டீச்சர் நெகிழ்ந்துபோனார். இந்தக் காலத்தில் யாருக்கு இந்த மனசு வரும், தன் வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை என்று யார் ஓடி வருவார்கள் என்றார். உங்காத்துக்காரர் கையைவிட அவர் வார்த்தை பெரிசு என்றார். மகளையும் கூப்பிட்டு, இவரைச் சேவிச்சுக்கோ என்றார். அந்தப் பெண் நிஜமாகவே குனிய வந்தது.

வாழ்நாளில் கைக்கு இல்லாமல் சிவபாண்டிக்கே கிடைத்த முதல் மரியாதை அதுதான். அவர் காபியைக் கீழே வைத்தார்.

"வேண்டாம்மா. எனக்குப் போன வியாழக்கிழமையே தெரியும். இவகிட்ட வலது கையக் காமிச்சு ஏமாத்திட்டேன். இவளுக்கு நேத்துதான் தெரியும்."

அனுக்ரஹா குனிந்த வாக்கில் நிமிர்ந்துகொண்டாள். டீச்சரின் வீங்கிய கண்ணில் என்ன இருந்தது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "எட்டு நாளா?" என்று மட்டும் கேட்டார் டீச்சர். டப்பா இரண்டையும் எடுத்து வந்து முனீஸ்வரி கையில் கொடுத்தார். பெட்டிகளைச் சாயங்காலம் ஆட்டோவில் அனுப்புவதாகச் சொன்னார். போயிட்டு வாங்கோ என்று முனீஸ்வரியிடம் மட்டும் சொன்னார். சிவபாண்டி செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் வெளியே வந்தார். நாளைக்குள் ராஜபாளையம் வரை இது எட்டிவிடும். வாங்க வருகிற பெண்கள் இனி அவர் கையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. முனீஸ்வரி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடவார்வளாகம் தாண்டியதும் அவர் சட்டைப் பையில் கைவிட்டு டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பை எடுத்தாள். ட்யூபைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, அதில் பொடி எழுத்தில் இருந்த நீள நீளமான பெயர்களை எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். காலையில் போட்டீர்களா என்றாள். இல்லை என்றார். அவர் இடது கையைத் தன் மடியில் இழுத்து வைத்து, சட்டையை மடக்கி, விரல் நுனியில் களிம்பைத் தொட்டுப் பூசினாள். பஸ் குலுங்கியபோதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பூசினாள்.

"எரியுதா?"

"இல்ல."

அவள் விரலை எடுத்தாள்.

"நெசமா?"

இந்த நாலு வருஷத்தில் அவள் இப்படி இரண்டாவது தடவை கேட்டதே கிடையாது. சிவபாண்டி ஜன்னலைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார்.

"எரியுது," என்றார்.